செத்தவரை எழுப்பிப் பிழைப்பது எப்படி?

மயிலாப்பூரில் உயிரோடு இருப்பவர்களை விடச் செத்தவர்களுக்கு மவுசு அதிகம். நக்கலுக்குச் சொல்லவில்லை. கடற்கரையிலிருந்து தெப்பக்குளம் வரை நடந்து போகும் தூரத்துக்குள் மூன்று சாவுகள் நூற்றாண்டுக் கணக்கில் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று, கையில் மண்டையோட்டை வைத்திருப்பதால் கபாலி என்று பெயர் வாங்கிய சாமி. அது பிரம்மனின் கிள்ளி எடுக்கப்பட்ட தலை. இரண்டாவது, பாம்பு கடித்துச் செத்து எலும்பாகிப் பிறகு பெண்ணாக எழுந்துவந்த பூம்பாவை. மூன்றாவது, சாந்தோமில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் புனித தோமா.

செத்தவரை எழுப்புவது, செத்தவரோடு பேசுவது, செத்தவர் பேரால் தனக்கு வேண்டியதைச் சாதித்துக்கொள்வது என்பது ஒரு தொழில். தொழில் என்றால் அதற்கு விதிகள் உண்டு. மை, தகடு, தலைச்சன் பிள்ளை மண்டையோடு என்று சுடுகாட்டைத் தோண்டிக்கொண்டு திரிகிறானே, அவனை நான் சொல்லவில்லை. அவன் தொழில் தெரியாதவன், நாளைக்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். புத்தியுள்ளவன் இந்தத் தொழிலை எப்படிச் செய்தான், எப்படி நிலைத்தான், எப்படிச் செழித்தான் என்பதற்கு மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. அதே தொழிலின் அடிமட்டத்தில் நின்று நெருப்பும் புகையும் தின்றவர்கள் தியாகராய நகர்க் கண்ணம்மாபேட்டையிலும் மயிலாப்பூர்க் கைலாசபுரத்திலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பெரியப்பா.

முதலில் பூம்பாவை. எம்.ஏ. வகுப்பில் பெரியபுராணம் நடத்திய பேராசிரியர் இந்த இடத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர் தம் மகளைச் சம்பந்தருக்கென்றே நேர்ந்து வளர்க்கிறார். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டிச் சாகிறாள். எரித்து, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு, கன்னிமாடத்தில் பட்டும் பூவும் சாத்தி வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வருகிறார். குடம் கோயில் வாசலுக்கு எதிரே கொண்டுவரப்படுகிறது. பதிகம் பாடப் பாட எலும்பு உருக்கொண்டு பெண்ணாகிறது. கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் சிவநேசர். உயிர் கொடுத்ததால் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். இது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துச் சொன்ன கதை. 7ஆம் நூற்றாண்டுப் பதிகத்தில் எலும்பும் இல்லை, குடமும் இல்லை. பூம்பாவை என்று ஒருத்தியை விளித்து, மயிலையின் திருவிழாக்களைப் பார்க்காமலேயே போய்விடுவாயா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்பதோடு சரி. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக ஊர்த் திருவிழாக்கள். பத்தாம் பாட்டில் வழக்கம்போல் சமணருக்கும் பௌத்தருக்கும் திட்டு.

நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "அய்யா, சிவநேசர் பொண்ணு எலும்பைச் சாம்பல்லேருந்து பொறுக்கிக் கொடுத்தது யாரு?" வகுப்பு சிரித்தது. பேராசிரியர் கண்ணைத் திறந்து, "அது இலக்கியத்துக்குத் தேவையில்லாத கேள்வி" என்றார். எனக்கு அது மட்டும்தான் தேவையாக இருந்தது. ஏனென்றால் எலும்பு தானாகக் குடத்துக்குள் போய் உட்காராது.

பெரியப்பா சொல்லுவார்: "கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் பூடுவான். சாஸ்திரமே அப்டிதான் எய்தி வெச்சிக்கிறான். அத்தோட அவன் சோலி முடிஞ்சிது. எரிக்கிறது யாரு? நானு." வரட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசி, ராத்திரி முழுக்கக் கூட இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். பாதியில் பிணம் எழுந்து உட்காரும். "பேய் இல்லடா நைனா, நரம்பு இசுக்குது. தடி எடுத்து அமுக்கி வுடணும். பயந்தின்னா அன்னிக்கே இந்தத் தொயில வுட்டுடணும்." செத்தவரை எழுந்து உட்கார வைத்த சம்பந்தருக்குக் கோயில். எழுந்து உட்கார்ந்த பிணத்தைப் படுக்க வைத்தவருக்கு ஒரு குவார்ட்டர் சாராயம்.

மறுநாள் பால் தெளிக்க வருவார்கள். அதற்குள் சாம்பலில் தண்ணீர் தெளித்து ஆற்றி, காலில் ஆரம்பித்துத் தலை வரை எலும்பைப் பொறுக்கவேண்டும். சாம்பலை மனித உருவமாகக் கூட்டி, எலும்பை அந்தந்த இடத்தில் வைத்து, பால் ஊற்றி, பிறகு கலயத்தில் அள்ளிக் கொடுப்பது. எது விரல், எது விலா, எது தாடை என்று பெரியப்பாவுக்குப் பார்த்தவுடன் தெரியும். மெடிக்கல் காலேஜில் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர்களை விட வேகமாகச் சொல்லுவார். மனித உருவத்தைச் சாம்பலிலிருந்து திரும்பக் கூட்டுகிற வேலை. பதிகத்தில் சம்பந்தர் செய்ததாகச் சொல்லப்படும் வேலையின் முக்கால் பங்கை அவருக்கு முன்னாலேயே ஒருவன் செய்து முடித்திருக்கிறான். சேக்கிழார் காவியத்தில் அவனுக்கு ஒரு அடி கூட இல்லை.

ஆக, புத்தியுள்ளவன் கடைப்பிடிக்கும் முதல் விதி இது: எலும்பைத் தொடாதே. தொடுவதற்கு ஆள் வை. இரண்டாவது, எழுப்புவது என்று முடிவு செய்தால் தகப்பனிடம் பொன் இருக்கிற பிணமாகப் பார்த்து எழுப்பு. அந்த வருசம் மயிலைக் கடற்கரையில் பாம்பு கடித்தும் அலை அடித்தும் எத்தனை பரதவர் பிள்ளைகள் செத்தார்களோ, அவர்களுக்கு யாரும் பதிகம் பாடவில்லை. மூன்றாவது விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம். எழுந்து வருகிறவளிடம் எப்படிச் செத்தாய் என்று கேட்காதே. திருவிழாவைப் பற்றிக் கேள்.

இந்த மூன்றாவது விதியைப் புரிந்துகொள்ள நம் சனங்களின் சடங்குக்குப் போகவேண்டும். வடதமிழகத்தில், செங்கற்பட்டு, வடஆற்காடு, தென்னாற்காடு பக்கம், கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி அழைப்பு என்று செய்வார்கள். வீட்டில் முன்பு செத்துப்போனவளைக் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ போய்ப் பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடிக் கூப்பிடுவது. கலயம் ஒன்று பூச்சுற்றி வைத்திருக்கும். உன் வீட்டில் கல்யாணம் நடக்கிறது, பார்க்காமல் இருந்துவிடுவாயா, வாம்மா, புடவை எடுத்து வைத்திருக்கிறோம் என்று பம்பைக்காரர் கெஞ்சுவார், அதட்டுவார். யாராவது ஒருத்தர் மேல் அவள் வருவாள். வந்தவுடன் பேசுவாள். என்னை மறந்துட்டீங்களே என்பாள். சோறு போடாமல் அடித்தவனைச் சொல்லுவாள். பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது மருந்துக்குக் காசு தராதவனைச் சொல்லுவாள். கூட்டத்தில் நிற்கும் சில ஆண்களின் முகம் செத்துப்போகும். பதில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, புடவை கொடுத்த பிறகுதான் கலயத்துக்குள் வருவாள்.

குடம், பூ, பட்டு, நீர்க்கரை, பார்க்காமல் போவாயோ என்ற கெஞ்சல். பூம்பாவைப் பதிகத்தின் அமைப்பு இந்தப் பம்பைக்காரன் பாட்டின் அமைப்பாகத்தான் எனக்குப் படுகிறது. எது எதிலிருந்து வந்தது என்று தேதி போட்டு நிறுவ முடியாது. ஆனால் சாவுப்பாட்டு பாடும் நம்முடைய கிழவிகளைக் கேட்டவன் அந்தப் பதிகத்தைப் படித்தால் இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. வித்தியாசம் ஒன்றுதான். பூவாடைக்காரி வாயைத் திறந்தால் ஊர் நடுங்கும். பூம்பாவையோ பாம்பைப் பற்றியும் சுடுகாட்டைப் பற்றியும் தன்னைக் கேட்காமலேயே ஒருவனுக்கு நேர்ந்துவிட்ட அப்பனைப் பற்றியும் என்ன நினைத்தாள் என்பதற்கு நமக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. எழுந்தாள், வணங்கினாள், அவ்வளவுதான். ஒரு கலகச் சடங்கின் நாக்கை அறுத்துவிட்டு அதன் உடம்பை மட்டும் கோயிலுக்குள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இன்றைக்கும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை எழும் காட்சியை நடத்துகிறார்கள். அன்று பிற்பகல் அறுபத்துமூவர் உலா. அந்த அறுபத்து மூன்று செப்புத் திருமேனிகளில் நந்தனும் ஒருவன். நெருப்புக்குள் இறக்கி, பூணூலோடு வெளியே எடுத்ததாகச் சொல்லப்படும் நம்ம நந்தன். அவனைப் பல்லக்கில் வைத்து மாடவீதியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். செம்பாக இருந்தால் தீட்டில்லை. எலும்புக் குடம் கோயில் வாசல் வரை வந்தது, எழுந்தவள் கோயிலுக்குள் போனாள். எலும்பைப் பொறுக்கியவனின் சந்ததிகள் சட்டப்படி உள்ளே போக 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நந்தனை எழுப்பியவர்களும் நன்றாகத்தான் சம்பாதித்தார்கள். கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனையாக எழுப்பினார். 1935இல் சினிமாவில் நந்தனாக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை அது. 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தது. நந்தன் எப்படிச் செத்தான் என்று எந்தப் படமும் கேட்கவில்லை. மூன்றாவது விதி.

சாந்தோமைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, தோமா இறந்த இடத்துச் சிவப்பு மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். 1523இல் போர்ச்சுகீசியர்கள் கல்லறையைத் தோண்டி எலும்பு எடுத்தார்கள். தோமாவின் எலும்புகள் என்று நம்பப்படுபவை 1258 முதல் இத்தாலியின் ஓர்த்தோனாவிலும் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி என்று கேட்கக்கூடாது. எலும்பு எங்கே இருக்கிறது என்பதை விட, யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலில் கணக்கு. பழைய கபாலி கோயில் கடலோரத்தில் இருந்து அழிக்கப்பட்டது என்று சொல்பவர்களும், மயிலையில் இருந்த சமண நேமிநாதர் மேல்சித்தாமூருக்குப் போய்விட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. ஒருவர் சவக்குழியின் மேல் இன்னொருவர் கோயில், இதுதான் மயிலாப்பூர்.

ஆற்றைத் தாண்டினால் அடையாறு. அங்கே தொழில் நவீனமாகிறது.

கர்னல் ஆல்காட் 1874இல் அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். செத்தவர்கள் உருவெடுத்து வந்து நிற்பதாகப் பேர்பெற்ற வீடு. அங்கேதான் மேடம் பிளாவட்ஸ்கியைச் சந்தித்தார். மறுவருசம் நியூயார்க்கில் பிரம்மஞான சபை. 1879இல் பம்பாய், 1882 இறுதியில் அடையாறு. இங்கு வருவதற்குள் ஆவிகள் பின்னுக்குப் போய், திபெத்தில் வாழும் மகாத்மாக்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் எழுதும் கடிதங்கள் பிளாவட்ஸ்கியின் அறையை ஒட்டிய பூசை அலமாரிக்குள் தாமாகவே வந்து விழுந்தன. சென்னையின் வக்கீல்களும் அதிகாரிகளும் பட்டதாரிகளும், பெரும்பாலும் பார்ப்பனர்கள், பயபக்தியோடு பார்த்தார்கள்.

1884இல் வீட்டு நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்த எம்மா கூலோம், அவள் கணவன் அலெக்சி இருவரையும் சபை வெளியேற்றியது. பிளாவட்ஸ்கி அப்போது ஐரோப்பாவில். செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகையில் எம்மா கொடுத்த கடிதங்கள் வெளியாயின. அலமாரிக்குப் பின்னால் சுவரில் நகரும் பலகை இருந்தது, கடிதம் அந்த வழியாக வந்தது என்பது அவள் வாக்குமூலம். லண்டனிலிருந்து ஆவி ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பியது. 1885இல் வந்த அவர் அறிக்கை பிளாவட்ஸ்கியை மோசடிக்காரி என்றது. பலகையைப் பிறகு கூலோம்களே செய்து வைத்தார்கள் என்பது சபையின் பதில். நூறு வருசம் கழித்து, 1986இல், அதே சங்கத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன் ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எனக்கு அந்தப் பின்சுவர்தான் முக்கியம். அற்புதம் நடக்கிற வீட்டில் எல்லாம் ஒரு பின்சுவர் இருக்கிறது. அதற்குப் பின்னால் கூலிக்கு ஒரு ஆள் நிற்கிறான். எம்மா வெள்ளைக்காரி, எழுதப் படிக்கத் தெரிந்தவள். வேலையை விட்டுத் துரத்தினால் பத்திரிகைக்குப் போக முடிந்தது. பூம்பாவையின் எலும்பைப் பொறுக்கியவன் எந்தப் பத்திரிகைக்குப் போவான்?

பிளாவட்ஸ்கி 1885இல் சென்னையை விட்டுப் போனவர் திரும்பவில்லை. சபைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. 27 ஏக்கரில் ஆரம்பித்த தோட்டம் 250 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. பிடிபட்ட பிறகும் நிலைத்து நிற்க நிலம் வேண்டும் என்பது இதில் நாம் கற்கவேண்டிய பாடம். நிலம் இல்லாத மந்திரக்காரனுக்கு என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், மலபார்ப் பறையரின் ஒடி வித்தையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அங்கே ஆராய்ச்சிச் சங்கம் இல்லை, மறுப்புரை இல்லை, ஊர் அடித்துக் கொல்வதுதான் விசாரணை. பீகார் 1999இலும் ஜார்கண்ட் 2001இலும் சூனியக்காரி வேட்டைக்கு எதிராகச் சட்டம் போட வேண்டி வந்ததே, அந்த வேட்டையில் செத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்கள், தலித் பெண்கள், கொஞ்சம் நிலம் வைத்திருந்த விதவைகள்.

ஆல்காட்டைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். பேய் பார்க்கக் கிளம்பிய அந்த மனிதர் கடைசியில் சேரியைப் பார்த்தார். 1894இல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதரையும் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துப்போனார். அங்கே சுமங்கல நாயகர் முன்னிலையில் பஞ்சசீலம். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். ஆல்காட்டுக்குப் பின் தலைவரான அன்னி பெசன்ட், 1909இல், சேரிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக்கூடாது, முதலில் சுத்தம் கற்கட்டும் என்ற பொருளில் எழுதினார். அம்பேத்கர் 1945இல் அதை எடுத்துப்போட்டுக் காட்டினார். இன்றைக்கு அந்தக் கடற்கரையில் பெசன்ட் பேரில் நகர் இருக்கிறது, ஆல்காட் பேரில் குப்பம் இருக்கிறது. யார் யாரோடு இருந்தார்கள் என்பதை ஊர்ப்பெயரே வைத்திருக்கிறது பாருங்கள்.

பண்டிதர் செய்ததும் செத்தவரை எழுப்பும் வேலைதான். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வர ஆரம்பித்தது. அதில் அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் பௌத்த அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். சிதம்பரத்தில் வெந்தவனைக் கூப்பிட்டு, உன்னைக் கொன்னது யாரு என்று கேட்டார். பம்பைக்காரன் கேட்கிற கேள்வி. பண்டிதரின் சொல்லாராய்ச்சிகளில் பலவற்றை மொழியியல் படித்தவன் ஏற்கமாட்டான், நானும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனால் மூன்றாவது விதியை முதலில் மீறியவர்களில் ஒருவர் அவர்.

விளைவு என்ன? 1914இல் இறந்தார், அவரையே புதைத்துவிட்டார்கள். திராவிட இயக்க வரலாறுகளில் ஒரு வரி, சிலவற்றில் அதுவும் இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்தபோதுதான் நம்மில் பலரும் அவரை முழுசாகப் படித்தோம். அந்தப் புத்தகம் வந்த கூட்டத்தில் தொகுப்பைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். ஆனால் அது எதிலிருந்து தொகுக்கப்பட்டது? அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் கோலார் தங்கவயலின் பௌத்தக் குடும்பங்களும் பொடிந்துபோன 'தமிழன்' தாள்களைப் பழந்துணியில் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். எலும்பு பொறுக்கியவர்கள். பண்டிதரைப் பற்றிப் பட்டம் வாங்குகிற தோழர்கள் அவர்கள் பெயரை முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் போட்டால், சேக்கிழாருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாமும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம். 1968 டிசம்பர் 25 வெண்மணி, 44 பேர். 1997 ஜூன் 30 மேலவளவு, முருகேசன் உட்பட ஆறு பேர். 1999 ஜூலை 23 தாமிரபரணி, 17 பேர். ஒவ்வொரு வருசமும் கூப்பிடுகிறோம். சுவரொட்டியில் செத்தவர் படம் தபால்தலை அளவு, தலைவர் படம் ஆளுயரம். வெண்மணியில் செத்த 44 பேரில் ஐந்து பெயரை மேடையில் நிற்கும் யாராவது சொல்லட்டும். எண்ணிக்கையைச் சொல்கிறோம். எண்ணிக்கை வாய் திறந்து எதுவும் கேட்காது, அது நமக்கு வசதி.

ஆனால் வெளியிலிருந்து ஒருவன் இதையே வசையாகச் சொன்னால் விடக்கூடாது. 'பிணத்தை வைத்துப் பிழைக்கிறார்கள்' என்று ஆஸ்பத்திரி சவக்கிடங்கு வாசலில் நம்மைப் பார்த்துச் சொல்கிறார்களே, அதைச் சொல்கிறேன். கொலை செய்தவனைக் கைது செய்யும் வரை உடலை வாங்கமாட்டோம் என்று தாயும் தகப்பனும் உட்காருகிறார்கள். கூட நாம் உட்காருகிறோம். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த உடல்தான். நிலம் இல்லை, பத்திரிகை இல்லை, எம்மாவுக்குக் கிடைத்த கல்லூரிப் பத்திரிகை போல ஒன்று நமக்குக் கிடைக்காது. உடலை வாங்கி எரித்துவிட்டால் வழக்கும் சேர்ந்து எரிந்துவிடும் என்பதை நாற்பது ஊரில் பார்த்தாயிற்று. 2023இல் ராஜஸ்தான் சட்டமன்றம், இறந்த உடலை வைத்துப் போராடினால் சிறை என்று சட்டமே போட்டுவிட்டது. பெயர், இறந்த உடலைக் கௌரவிக்கும் சட்டம். கௌரவம்! 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், ஆதிக்க சாதிக்காரர் நிலத்து வழியாகச் சுடுகாட்டுக்குப் போக முடியாமல், பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அப்போது உடலைக் கௌரவிக்க எந்தச் சட்டமன்றமும் கூடவில்லை. உயர்நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது.

பெரியப்பாவின் பழைய விதி ஒன்று இங்கே உதவும். "காசு கொள்ளிக்கு முன்னாடி கையில வந்துடணும் நைனா. வாய்க்கரிசிக் காசு, நெத்திக்காசு, கோடித்துணி, அல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னா எவனும் தரமாட்டான். கொள்ளி வெச்சிட்டா திரும்பிப் பாக்கமாட்டான், அதான் சாஸ்திரம்னு சொன்னேன்ல." அவர் கூலிக்குச் சொன்னார். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாத வேலை, அந்தச் சொல்லையே பட்டமாகச் சுமந்தவரின் பட்டறிவு அது. இப்போது கண்ணம்மாபேட்டையில் அவர் காலத்து அடுக்குமுறை மாறிவிட்டது. மின்சாரமும் எரிவாயுவும் வந்து எலும்பு தட்டில் வருகிறது. 2020லும் 2021லும் கொரோனாப் பிணங்களை ராத்திரி பகலாக எரித்தவர்களின் சாதி மாறியதாகத் தெரியவில்லை.

ஆகவே சவக்கிடங்கு வாசலில் நிற்கும் இளம் தோழர்களுக்குச் சொல்கிறேன், கொள்ளிக்கு முன்னால் வாங்கவேண்டியதை வாங்கிவிடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல். அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றனவா என்பது. பிரேதப் பரிசோதனைக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்க அனுமதி, பரிசோதனையின் வீடியோப் பதிவு. காவல் மரணங்களில் இவற்றை மதுரைக் கிளை 2020இல் வலியுறுத்தியிருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சுவரொட்டி அடிப்பதானால் செத்தவர் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். மைக்கைத் தாயிடம் கொடுங்கள், அவள் அழுதுகொண்டே என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுங்கள், திருத்தவேண்டாம். கடைசியாக, உள்ளே மேசையில் உடலைக் கழுவித் தைத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் நம்ம ஆளாகத்தான் இருப்பார். காயம் எங்கெங்கே இருந்தது என்று டாக்டர் எழுதுவதற்கு முன்பே பார்த்தவர் அவர். வெளியே டீக்கடைக்கு வரும்போது அவர் பெயரைக் கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என்ன பார்த்தீங்க என்றும் கேளுங்கள். குடும்பத்தாரிடம் சொல்லிவையுங்கள், அவர் சொல்வதைக் கேட்கும் வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று.